ஓடிலின் படப்பிடிப்புக்கூடமும் நெவிலின் ரயிலும்

1.

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை ஒரு கட்டடத்துக்காக எழுதத் தொடங்கினேன். கதையை எழுதிவிட்டு இடம் தேடுவதுதான் உலக வழக்கம். எங்களிடம் இடம் இருந்தது, கதைதான் இல்லை.

சினிமா படப்பிடிப்புக்கூடம் கட்டினால் செலவில் ஒரு பங்கை வரிச்சலுகையாகத் திருப்பித் தருவோம் என்று எங்கள் லூயிசியானா மாநிலம் அறிவித்தது. உடனே எங்கள் ஊர் ஓடில் கோமோ தன் வீட்டை அடமானம் வைத்து, மூடிக்கிடந்த அரிசி ஆலையைக் கூடமாக்கிவிட்டாள். ஆலை ரயில் பாதையை ஒட்டி நிற்பதும், ரயிலின் ஹாரனை எந்தச் சுவராலும் தடுக்க முடியாது என்பதும் ஒருவருக்கும் உறைக்கவில்லை. திறப்புவிழாவில் ‘ஊருக்கு விடிவுகாலம்’ என்று முழங்கியவன் நான்தான். [அந்தப் பேச்சை இங்கே சேர்க்கவில்லை. பயப்படாதீர்கள்.]

சலுகைக்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. மாநில ஆய்வாளர் முன் ஒரு காட்சியைப் பதிவுசெய்ய வேண்டும்; வெளிச்சத்தம் உள்ளே வரக்கூடாது. காட்சியை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.*

* வாரப் பத்திரிகையில் இரங்கல் குறிப்பு எழுதுகிறேன். ஊரில் வேறு எழுத்தாளர் இல்லை.

2.

முதல் வரி: ‘வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த...’

வேண்டாம். மழை என்றாலே ஓடில் தகரக் கூரையைப் பார்க்கிறாள்.

அடுத்தது: ‘நடுக்கடல். ஒரு படகு. தனியாக ஒருவன்.’ இது பிழைத்துக்கொண்டது. ஒரு நடிகர் போதும். அவரும் நான்தான், சம்பளம் கிடையாது.

3.

நெவில் என்ற பாத்திரத்தில்தான் எனக்குச் சந்தேகம். ஓடிலின் முன்னாள் கணவனே அந்தப் பாதையில் சரக்கு ரயில் ஓட்டுகிறான் என்று எழுதினால் யார் நம்புவார்கள்? என்ன செய்ய, எங்கள் ஊர் அவ்வளவு சின்னது. ஆலையை ஒட்டிய கிராசிங்கில் அவன் ஹாரன் அடித்தே ஆகவேண்டும். எங்கள் ஊர் அரிசித் தொத்திறைச்சியான பூடான் விற்கும் கடையில் அவர்கள் பேசிக்கொண்டது இது:

“சோதனை அன்னிக்கு மட்டும் ஊதாம போயேன், நெவில். கால்ல வேணா விழறேன்.”

“குடும்பம் நடத்தினப்ப ஒரு நாள் இப்படிப் பேசியிருந்தா, நான் ரயில்லயே குடியிருந்திருக்க மாட்டேன்.”

“வீடு போயிடும்டா.”

“அங்க கேட் கிடையாது ஓடில். நம்ம பொண்ணு செலீன், தான் ஓட்டிட்டு வர்ற பள்ளிக்கூட பஸ்ஸ நிறுத்தி, கதவத் திறந்து, காது குடுத்துக் கேப்பா. நீ எழுப்பின சுவரு பாதையையே மறைக்குது. நான் ஊதலேன்னா அவளுக்கு எப்படித் தெரியும்?”

“அன்னிக்கு அவள லீவு போடச் சொல்லிட்டேன்.”

“அவளுக்குப் பதிலா பஸ் ஓட்டப் போறவ எவ பெத்த பொண்ணு?”

நெவில் ஊதுவேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லாமல் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டான். நான் கடைசிவரை தின்றுகொண்டிருந்தேன்.

4.

ஆய்வாளரை வில்லனாக்கப் பார்த்தேன். மெல்லிய மீசைகூட வைத்தேன். மனிதர் வந்து பூடானைத் தின்றுவிட்டு, “இன்னொண்ணு கிடைக்குமா?” என்றார். வில்லன் அப்படிக் கேட்கலாமா? மீசையை எடுத்துவிட்டேன். அவருக்குப் பக்கத்தில், லீவு போட்ட செலீன் உட்கார்ந்திருந்தாள்.

பதிவு தொடங்கியது. நடுக்கடலில் நான் உருக்கமாகத் தவித்துக்கொண்டிருந்தபோது தரை அதிர்ந்தது. பதற்றத்தில், எழுதாத வசனம் வாயில் வந்துவிட்டது: “அதோ, ரயில் வந்துடுச்சு!”

கடலிலா என்பதுபோல ஆய்வாளரின் புருவம் உயர்ந்தது. ஆனால் பதிவை நிறுத்தவில்லை.

5.

இனி முடிவுகள்.

அ) நெவில் ஊதவில்லை. சான்றிதழ், கைதட்டல். வீடு தப்பியது. அதே நேரம் கிராசிங்கில் அந்த பஸ் [முடியவில்லை. இரங்கல் குறிப்பு எழுதுகிறவனுக்கே முடியவில்லை.]

ஆ) ஊதிவிட்டான். ஓடில் வீட்டைக் காலிசெய்கிறாள். நான் அட்டைப்பெட்டி தூக்குகிறேன்.

இவை இரண்டும் நான் உட்கார்ந்து யோசித்தவை. உண்மையில் நடந்ததைக் கற்பனை செய்ய எனக்கு வக்கில்லை. அதிர்வு பலமானதும் ஓடில் செலீனைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து ஓடி, இரண்டு கைகளாலும் சுவரில் அடித்துக் கத்தினாள்:

“ஊதுடா நெவில்! ஊதித் தொலைடா!”

மனிதக் குரல் அந்தச் சுவரைத் தாண்டாது. அந்த மட்டுக்கு நன்றாகவே கட்டியிருந்தாள்.

ஊதினானா? சொல்ல மாட்டேன். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதுவதற்கு முன், அந்த பஸ்ஸில் ஏறி, திறந்த கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.