கொழுந்துத் தராசில் லியனார்ட்

எடை எண்பத்தைந்து கிலோவுக்கு மேல் இருந்தால் லியனார்டின் சிறுநீரகத்தை எடுக்க முடியாது என்று கண்டியில் டாக்டர் சொன்னபோது, சுகிர்தம் மனசுக்குள் மாதாவுக்கு நன்றி சொன்னாள். புருஷனுக்கு அப்போது நூற்றிநான்கு கிலோ.

அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்டன. வாரம் இருமுறை இயந்திரத்தில் இரத்தம் சுத்தப்படுத்தித்தான் ஆள் நடமாடினாள். பொருந்தியது லியனார்டுடையது மட்டும். நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுத்துக் கணக்கெழுதும் கணக்கப்பிள்ளையாக இருக்கும் அந்த மனுஷரோ, ரோட்டிலிருந்து வீட்டுக்குப் படியேறவே மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்குவார். அவரிடமிருந்து ஒன்றை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? வேண்டாமென்று முகத்துக்கு நேரே சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அந்தத் தொப்பை தன் சார்பில் சொல்லிவிடும் என்று நம்பினாள். சோற்றுத் தட்டைக் கண்டால் ஊரையே மறக்கிறவர் பத்தொன்பது கிலோவை எங்கே இறக்கப்போகிறார்?

அடுத்த திங்கட்கிழமையே லியனார்ட் அட்டனில் ஒரு ஜிம்மில் சேர்ந்துவிட்டார். வாரம் மூன்று நாள் இரும்பு தூக்கினார். பயிற்சியாளர் கிஷாந்த் எழுதி, டாக்டரும் சரி சொன்ன சாப்பாட்டு அட்டவணை குசினிச் சுவரில் ஏறியது: காலையில் இரண்டு முட்டை, மத்தியானம் ஒரு கோப்பை சிவப்பரிசிச் சோறு, தட்டு நிறையக் கீரை, அந்திக்கு ஒரு கைப்பிடி அவித்த கடலை. பிளேன்டீக்குச் சீனி கிடையாது. பக்கத்திலேயே சுகிர்தத்தின் அட்டவணை: வாழைப்பழம் கூடாது, தண்ணீர் அளந்துதான்.

"கடலைய எண்ணியா போட்ட?" என்று முதல் மாதம் முழுக்க முறைத்தார். ஆனால் ஒரு கரண்டி கூடக் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலையில், வெறும் வயிற்றோடு, ஒரே தராசில் நிறுக்க வேண்டும் என்பது கிஷாந்தின் கட்டளை. அவ்வளவு பெரிய தராசு தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில்தான் உண்டு. லொறியில் ஏற்றும் மூட்டைகளை நிறுக்க உத்தரத்தில் தொங்கவிட்டது. அதன் கொக்கியில் ஒரு கட்டையை மாட்டி, லியனார்ட் அதைப் பிடித்துக் காலை மடக்கித் தொங்குவார். முள் தலைக்கு மேலே இருப்பதால், கொழுந்தெடுக்கும் பேச்சியம்மாதான் பார்த்துச் சொல்வாள். முதல் வாரம் முள் நிற்பதற்குள் கை நழுவிக் கொழுந்துக் குவியலில் விழுந்தார். மடுவமே சிரித்தது. இரண்டாம் தடவை ஒருவாறு தொங்கி முடித்தார்.

"நூத்திரண்டுங்க ஐயா!" என்றாள் பேச்சியம்மா. ஒரே வாரத்தில் இரண்டு கிலோ என்று லியனார்டுக்குத் தலைகால் புரியவில்லை.

எட்டாம் மாதம் ஒரு சனிக்கிழமை சுகிர்தமும் போய்ப் பார்த்தாள். லியனார்ட் தொங்கினார். முள் ஆடாமல் நின்றது. அதோடு விடாமல் கைகளை மடக்கி, உடம்பை மெல்ல மேலே இழுத்து, மோவாயைக் கட்டைக்கு மேல் கொண்டுபோனார். சட்டைக்குள் முதுகுத் தசைகள் புரண்டன. யாரும் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் பக்கத்தில் படுத்துத் தூங்கிய மனுஷருக்குள் இப்படி ஒருவர் இருந்தாரா? சுகிர்தத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இவர் எடையை இறக்கிவிடுவார். வேண்டாம் என்பதை இனி அவளேதான் சொல்லியாக வேண்டும்.

பத்தாம் மாதம், "எம்பத்தஞ்சு!" என்று பேச்சியம்மா கூவினாள். இருவரும் கண்டிக்குப் போனார்கள். ஆஸ்பத்திரித் தராசு எண்பத்தேழு காட்டியது. லியனார்ட் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினார். எண்பத்தேழுதான். வெளியே வந்து போனை எடுத்தார்.

"முள்ளு எதுல நின்னுச்சு, பேச்சியம்மா?"

"எம்பத்தேழுலங்க ஐயா. சாக்குக்கும் ஈரத்துக்கும் ரெண்டு கழிச்சா எம்பத்தஞ்சு. நீங்க எங்களுக்கு எப்பவும் அப்படித்தானுங்களே சொல்லுவீங்க?"

பாவம், அவள் கேலி செய்யவில்லை. அந்த மடுவத்தில் முழு எடையை யாரும் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டதே இல்லை. பழக்கிவிட்டவர் லியனார்ட். அவர் முகம் செத்துப்போயிற்று. மூன்று வாரம் கழித்து வரச்சொன்னார் டாக்டர். சுகிர்தத்துக்கு அப்பாடா என்றிருந்தது. உடனே தன்னை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

அன்றைக்கே இரத்தமும் சுத்தப்படுத்தியதால், பஸ்ஸை விட்டு இறங்கியபோது அவளுக்குக் கால் ஊன்ற முடியவில்லை. முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். லியனார்ட் ஒரு கையை முதுகுக்கும் ஒரு கையை முழங்காலுக்கும் கொடுத்து அப்படியே தூக்கினார்.

"ஐயையோ, எறக்கி விடுங்க. லயத்துச் சனமே பாக்குது."

"பாக்கட்டும்."

ஏறினார். கொய்யா மரத்தடியில் நிற்பார் என்று நினைத்தாள், நிற்கவில்லை. தண்ணீர் கொட்டும் பீலியடியிலும் நிற்கவில்லை. மாதா சிலை வைத்த கெபியையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். அவள் காது அவர் நெஞ்சில் இருந்தது. உள்ளே ஓர் அவசரமும் இல்லாமல் நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது. இவ்வளவும் தனக்காகவா என்று மலைத்துப் போனாள். கொடுத்த பிறகும் இந்த மனுஷர் முழுசாக இருப்பார். அவளுக்கு அழுகை முட்டியது.

"நா வேணாமுன்னு சொல்லத்தாங்க இருந்தேன்."

"தெரியும்" என்றார், படியைப் பார்த்தபடியே.

"மூணு வாரத்துல அந்த ரெண்டு கிலோவயும் எறக்கிருங்க. நா வாங்கிக்கிறேன்."

வாசல் வந்துவிட்டது. லியனார்ட் அவளை இறக்கிவிடாமல் நின்றுகொண்டே இருந்தார்.