சத்தம் வந்துச்சா?

"அந்த மாட்டுங்காக்காரிதான் கழுத்த ஒடிச்சுட்டா! நல்லா நடந்து போன மனுசன்..."

ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஸ்ட்ரெச்சரில் கிடந்த அப்பாவின் இடது கை பக்கவாட்டில் தொங்கியது. மாரிசெல்வி அதை எடுத்து அவர் வயிற்றின் மேல் வைத்தாள். மறுபடி நழுவி விழுந்தது. அப்பா ஏதோ சொல்ல வந்தார், குழறல்தான் வந்தது.

"டாக்டரே கிடையாதாம்க்கா அது," என்றார் பூலோகம் மாமா, அம்மாவின் தம்பி. "கைரோபிராக்டராம். எலும்புக்குச் சொடக்கு எடுக்கதுக்கு ஒரு போர்டு, ஒரு ஏசி. பூரா டுபாக்கூரு. இன்னைக்கே நாலு பயலுவளக் கூட்டிட்டுப் போயி அவ கண்ணாடிக் கதவ நொறுக்கல, நான் பூலோகம் இல்ல."

மாரிசெல்வி நழுவிய கையை மறுபடி எடுத்து வைத்தாள்.

சனிக்கிழமை அப்பாவை மாட்டுங்காவிலிருந்த அந்த கிளினிக்குக்குக் கூட்டிப்போனது அவள்தான். தாராவித் தோல் பட்டறையில் குனிந்தே பைக்குத் தோல் வெட்டி, அப்பாவின் கழுத்து மரக்கட்டையாகியிருந்தது. போனில் அவள் பார்க்கும் வீடியோக்களில் கழுத்தைத் திருப்பினால் 'சடக்'கென்று சத்தம் வரும். ஆள் சிரித்துக்கொண்டே எழுந்து போவார். அதை நம்பித்தான் போனார்கள். அங்கிருந்த கைரோபிராக்டர், டாக்டர் ஷ்ருதியோ கேள்வி மேல் கேள்வி கேட்டார். தலை சுற்றுகிறதா, பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா, சலூனில் கழுத்தை முறிக்கவிடும் பழக்கம் உண்டா.

"உங்களுக்கு என்ன பண்ண முடிஞ்சாப் போறும் சார்?"

"தோலு வெட்டணும். வேற என்ன?" என்று அப்பா முறைத்தார்.

ஷ்ருதி கழுத்தை மெல்லத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஸ்கேன் பாக்காம நான் திருப்ப மாட்டேன். வேற யாரையும் திருப்ப விடாதேங்கோ," என்று அனுப்பிவிட்டார்.

"ஸ்கேன்காரன்ட்ட கமிஷன் வாங்குவாட்டி இவ," என்றார் அப்பா பஸ்ஸில். மாரிசெல்விக்கும் அதே சந்தேகம். வேலை தெரிந்தவளென்றால் ஒரு திருப்பாவது திருப்பியிருக்க மாட்டாளா?

வீட்டுக்குள் கால் வைத்ததும் அம்மா கேட்டாள்: "சத்தம் வந்துச்சா?"

ஏமாந்து வந்ததைச் சொல்ல அப்பாவுக்கு வெட்கம். "வராம? சடக்கு சடக்குன்னு உன் தம்பி வீடு வரைக்கும் கேட்டிருக்கும்லா!" பட்டறையிலும் அதையே அளந்துவிட்டார். அப்புறம் எந்த முகத்தோடு சலூனுக்குப் போய்க் கழுத்தைக் காட்டுவது?

இன்றைக்கு வலி தாங்க முடியவில்லை. அம்மா வேலைக்குப் போயிருந்தாள்.

"ஏட்டி, நீதான் எந்நேரமும் அந்த வீடியோவப் பாக்கியே. நீயே ஒரு திருப்பு திருப்பு. ஆத்தாகிட்ட மூச்சு விடாத."

வீடியோவில் பார்த்தபடியே ஒரு கையில் தாடையையும் மறு கையில் பிடரியையும் பிடித்தாள். சடக்.

"வந்துட்டுப்பா! வந்துட்டு!" என்று கைதட்டினாள்.

அப்பா எழுந்தார். சுவரைப் பிடித்தார். வாந்தி எடுத்தார். சரிந்தார்.

ஓடிவந்தவர்களிடம், கிளாஸ் முடிந்து இப்போதுதான் வந்தேன், விழுந்து கிடந்தார் என்று சொல்லிவிட்டாள்.

டியூட்டி டாக்டர் இந்தியில் படபடத்தார். மூளைக்குப் போகும் ரத்தம் அடைபட்டிருக்கும் போலிருக்கிறது. கை எப்போது விழுந்தது என்று தெரிந்தால், ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாமா என்று பார்க்கலாம். நேரம் தெரியாமல் போட்டால் ஆபத்து.

"சனிவார் கோ சாப்! மாட்டுங்காவுல!" என்றார் மாமா.

"நான் கேட்பது கை விழுந்த நேரம். கூட யார் இருந்தது?"

"யாருமே இல்லியே," என்று அம்மா விசும்பினாள். டாக்டர் திரும்பி நடந்தார்.

"நாலரை!" மாரிசெல்விக்கு முதலில் தமிழில்தான் வந்தது. பிறகு இந்தியில் கத்தினாள். "தண்ணி வர்ற நேரம். குழாயில காத்து சீறிக்கிட்டு இருந்துச்சு, அப்பத்தான் விழுந்தாரு. நான்தான் திருப்புனேன்."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்ட்ரெச்சர் உள்ளே ஓடியது. கதவு மூடிக்கொண்டது.

மாமா அவளைச் சுவரோரமாக இழுத்துக் குரலைத் தாழ்த்தினார். "யாரு கேட்டாலும் மாட்டுங்காக்காரின்னே சொல்லுவோம். தெருவே அதத்தான் நம்புது. பிள்ள பேரு வெளிய வரப்படாது."

"அவங்க திருப்பவே இல்ல மாமா."

"திருப்பாம எதுக்குட்டி ஃபீஸு வாங்குனா? அதுலயும் ஏதோ இருக்கு."

அம்மா அடிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மூடிய கதவையே பார்த்தாள்.

"சத்தம் வந்துச்சுன்னு எங்கிட்டயே பொய் சொன்ன மனுசன்," என்றாள். "பொழைச்சு, பேச்சு வந்து, யாரு திருப்புனான்னு கேட்டா... உங்கப்பா யாரு பேரச் சொல்லுவாருட்டி?"