சங்கரேஸ்வரியின் பிளக் பாயிண்ட்

சிலருக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது. தின்றால் உடம்பு தடிக்கும். இசக்கித்துரைக்கு டூப்ளிகேட் ஒத்துக்கொள்ளாது, பார்த்தாலே தடிக்கும். சங்கரன்கோவிலில், ராஜபாளையம் ரோட்டில், கார்களுக்குப் பாலிஷ் போடும் கடை வைத்திருக்கிறார். பலகையில் கடையின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். ‘இங்கு ஒரிஜினல் மிஷின் மட்டுமே’ என்பது ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவருக்கும் தெரிகிற எழுத்தில் இருக்கும். கடைக்கு முன்னால் நின்றுகொண்டே கடையின் பெயரைச் சொல்லி வழி கேட்டவர்கள் உண்டு.

அந்த ஒரிஜினல் மிஷினை அவர் சென்னைக்குப் போய் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தார். மேலே வைக்கச் சொன்ன கண்டக்டரிடம் விழுப்புரம் வரைக்கும் சண்டை. பச்சையும் கறுப்புமாக, கைக்கு அடக்கமான மிஷின். “என்னையக் கல்யாணம் முடிச்சுக் கூட்டிட்டு வந்தப்போகூட இம்புட்டுப் பதனமா கூட்டிட்டு வரல” என்று அவர் மனைவி சங்கரேஸ்வரி இன்றைக்கும் சொல்லுவாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. அன்றைக்கு வேனில் அவளை டிக்கிக்குப் பக்கத்து சீட்டில்தான் உட்கார வைத்திருந்தார்கள்.

சங்கரேஸ்வரிக்கும் அதே கடையில்தான் வேலை. எட்டு வருஷமாகக் கார்களின் உள்பக்கம் அவள் பொறுப்பு. சீட்டைத் துடைப்பது, மிதியடியை அலசுவது, சீட்டுக்கு அடியில் கிடக்கும் முறுக்குத் துண்டுகளை வாக்குவம் கிளீனரில் இழுப்பது. வெளிப்பக்கம் பளபளக்கும், அதை எல்லோரும் பார்ப்பார்கள், இசக்கித்துரையைப் புகழ்வார்கள். உள்பக்கத்தை யார் பார்க்கிறார்கள்? அவளுக்கும் ஒரு ஆசை இருந்தது. ஊரில் பெண்கள் ஓட்டும் ஸ்கூட்டர்கள் எத்தனை இருக்கின்றன! டீச்சர்கள், நர்ஸ்கள், பேங்க்கில் வேலை செய்கிறவர்கள். அந்த வண்டிகளுக்குத் தன் கையால் பாலிஷ் போட வேண்டும். கடையிலேயே ஒரு மூலையில், தனக்கென்று ஒரு மிஷினோடு.

தீபாவளிச் சேலைக்கு இருந்த பணத்தில் ஆன்லைனில் ஒரு மிஷின் வாங்கிவிட்டாள். அதே பச்சை, அதே கறுப்பு, அதே கைப்பிடி. பெயரில் மட்டும்தான் வித்தியாசம். பெட்டியைப் பிரித்ததும் இசக்கித்துரை செத்த எலியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“ஏட்டி, இது என்னது?”

“பாலிஷ் மிஷின்.”

“இது மிஷின் இல்ல, மிஷின் வேஷம். இதை வச்சு வண்டியில தேய்ச்சா வட்ட வட்டமா கீறல் விழுந்துரும். வெயில்ல நிறுத்தினா சிலந்திவலை கணக்கா தெரியும். எட்டு வருஷமா சம்பாதிச்ச பேரு எட்டு நிமிஷத்துல போயிரும்.”

“ஸ்கூட்டருக்குத்தானே கேக்கேன். மூலையில ஒரு பிளக் பாயிண்ட் மட்டும் போட்டுத் தாங்க.”

“கடையில ரெண்டு பிளக் இருக்கு. ஒண்ணு என் மிஷினுக்கு, ஒண்ணு வாக்குவத்துக்கு. இதுக்கு இங்கன பிளக் கெடையாது.”

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு இரண்டு பேச்சுப் பேசியிருப்பாள். அமைதியாகச் சொன்னார். அதுதான் அவளுக்குச் சுருக்கென்று குத்தியது. மிஷினைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் சும்மா இருக்கிற ஆள் இல்லை. மோட்டாருக்குக் காயில் கட்டும் பாண்டிராஜிடம் கொண்டுபோய் மிஷினைப் பிரிக்கச் சொன்னாள். உள்ளே கிரீஸ் என்ற பெயரில் என்னமோ காய்ந்து கிடந்தது. அதை வழித்துவிட்டு நல்ல கிரீஸ் வைத்தாள், பேரிங்கை மாற்றினாள். கூட வந்த ஸ்பாஞ்சு சுக்குபோலக் கடினமாக இருந்தது. கீறல் விழுவது அதனால்தான் என்பது நாலு நாளில் அவளுக்கே புரிந்துவிட்டது. நல்ல ஸ்பாஞ்சு வாங்கி மாட்டினாள். பழைய இரும்புக் கடையில் ஒரு கறுப்புக் கார்க் கதவை வாங்கி வந்து, வீட்டுக்குப் பின்னால் சாத்தி வைத்து, கிரைண்டரின் பிளக்கில் மிஷினை மாட்டி, கணவர் மதியம் கடையில் கண்ணயரும் நேரமெல்லாம் தேய்த்தாள். மூன்று மாதத்தில் அந்தக் கதவில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம் என்று ஆகிவிட்டது. ஒரே ஒரு குறைதான் தீரவில்லை. இருபது நிமிஷம் ஓடினால் மிஷின் சூடாகும். பத்து நிமிஷம் ஆறவிட வேண்டும். ஆறிவிட்டால் மறுபடியும் சமர்த்தாக ஓடும்.

சரஸ்வதி பூஜை வந்தது. கடையில் சாமி படத்துக்கு முன்னால் சிவப்புத் துணி விரித்து, ஸ்பேனர், பிரஷ், வாளி, தண்ணீர் பீச்சும் பம்ப்பு, எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வரிசையாக வைத்தார்கள். நடுநாயகமாக ஒரிஜினல் மிஷின். இசக்கித்துரை பூசணிக்காய் வாங்கப் போன நேரம், சங்கரேஸ்வரி ஒரு பையை எடுத்து வந்தாள். பிளக்தான் கிடையாது என்றார், பூஜை கிடையாது என்று சொல்லவில்லையே! தன் மிஷினை வாக்குவம் கிளீனருக்குப் பின்னால் வைத்தாள். டூப்ளிகேட் பெயர் அவர் கண்ணில் பட்டால் நல்ல நாளில் சண்டை வரும் என்று, பெயரின் மேலேயே சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். ஒன்றுக்கு மட்டும் அப்படி வைத்தால் சந்தேகம் வரும். ஒரிஜினலின் பெயர் மேலும் அதே மாதிரி அப்பினாள். பூசணிக்காயோடு வந்தவர் வரிசையைப் பார்த்து, “சந்தனம் ரொம்பத்தான் தாராளம்” என்றார். அதற்குமேல் கவனிக்கவில்லை. அவருக்குப் பசி.

இசக்கித்துரைக்கு ஒரு நம்பிக்கை உண்டு. பூஜையில் வைத்த பொட்டைத் துடைக்கக் கூடாது. வேலை செய்யச் செய்ய அதுவாக உதிர வேண்டும். மறுநாள் விஜயதசமி காலையில் சாமி கும்பிட்டுவிட்டு, வரிசையைக் கலைத்து, எல்லாவற்றையும் வாக்குவம் கிளீனர் பக்கமாக ஒதுக்கிவிட்டு, கைக்குக் கிடைத்த பச்சை மிஷினை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சங்கரேஸ்வரி அப்போது டீ வாங்கப் போயிருந்தாள்.

பூஜை முடிந்து வந்த முதல் வண்டி, பல் டாக்டர் முபஷ்ஷிராவுடையது. கறுப்புக் கார். கறுப்பில் ஒரு கீறல் விழுந்தாலும் ஊருக்கே தெரியும். முந்தைய மாதம் வெளியூரில் யாரோ கண்ட மிஷினை வைத்துத் தேய்த்து, வண்டி முழுக்க வட்டக் கீறலாக்கி அனுப்பியிருந்தார்கள். மறுநாள் டாக்டரின் தங்கச்சி கல்யாணம். பெண்ணை அழைத்துப் போகப்போவது அந்த வண்டியில்தான்.

“அண்ணாச்சி, டூப்ளிகேட் மிஷின் மட்டும் வேண்டாம்” என்றாள் டாக்டர்.

“பலகையைப் பாத்தீயல்லா?” என்று இசக்கித்துரை நெஞ்சை நிமிர்த்திச் சிரித்தார். முன்வரிசையில் ஒரு பல் மற்றவற்றைவிடக் கொஞ்சம் வெள்ளையாக மின்னியது. கரும்பு கடித்துப் போன பல்லுக்குப் பதிலாக இதே டாக்டர் கட்டிய பல் அது.

டீயோடு சங்கரேஸ்வரி திரும்பி வந்தபோது பானட்டில் கால்வாசி முடிந்திருந்தது. மிஷின் கொஞ்சம் அதிகமாகவே இரைந்தது.

“சத்தத்தக் கேட்டீயளா டாக்டரம்மா? ஒரிஜினலுக்குத்தான் இந்தக் குரலு” என்று சொல்லிக்கொண்டே நகர்ந்தவரை வயர் பின்னால் இழுத்தது. “இது என்ன, வயரு குட்டையா இருக்கு? பூஜையில ஒருநா சும்மா கெடந்ததுல சுருங்கிருச்சோ?”

சங்கரேஸ்வரி வயரைப் பார்த்தாள். ஒதுக்கி வைத்திருந்த பூஜைச் சாமான்களைப் பார்த்தாள். வாக்குவம் கிளீனருக்குப் பக்கத்தில், நீள வயரைச் சுருட்டிக்கொண்டு, சந்தனப் பொட்டோடு ஒரிஜினல் நிம்மதியாகப் படுத்திருந்தது.  டீத் தட்டை ஓரமாக வைத்தாள்.

இப்போது சொன்னால் என்ன ஆகும்? மிஷினைத் தூக்கி எறிவார். வண்டி நன்றாக வந்திருந்தாலும் கெட்டுப்போனதாகத்தான் அவர் கண்ணுக்குத் தெரியும். அவளுடைய பிளக் பாயிண்ட் இந்த ஜென்மத்துக்குக் கிடைக்காது. சொல்லாமல் விட்டு வண்டி கெட்டுப்போனால்? எட்டு வருஷப் பேர். ஒரு பெண்ணின் கல்யாண வண்டி. அவள் குனிந்து, முடிந்த கால்வாசியைப் பக்கவாட்டில் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. எதிரே இருந்த வேப்பமரம் இலை இலையாகத் தெரிந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் வண்டி தன்னுடையது இல்லையே. நேராக டாக்டர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் போய், மிஷின் இரைச்சலுக்கு நடுவே காதோரமாகச் சொன்னாள்.

“டாக்டரம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு. அவிய கையில இருக்கது ஒரிஜினல் இல்ல. என் மிஷினு. டூப்ளிகேட். அவியளுக்கே தெரியாது. நிறுத்தச் சொன்னீயன்னா இப்பமே நிறுத்திருதேன்.”

டாக்டர் திடுக்கிட்டு எழுந்து பானட்டுக்குப் போனாள். குனிந்தாள். போனில் இருந்த டார்ச்சை அடித்து அடித்துப் பார்த்தாள். ஐந்து நிமிஷம் போல இருந்தது சங்கரேஸ்வரிக்கு. திரும்பி வந்த டாக்டர் முகத்தில் சிரிப்பை அடக்க முடியாத அவதி தெரிந்தது.

“மாஷா அல்லாஹ்! நல்லாத்தானேக்கா இருக்கு. முடிக்கட்டும். வேற எதுவும் பயப்படணுமா?”

“சூடாகும். அதை நான் பாத்துக்கிடுதேன்.”

பார்த்துக்கொண்டாள். இருபது நிமிஷம் ஆனதும், “ஏங்க, டீ ஆறுது, குடிச்சிட்டுத் தேய்ங்க” என்றாள். அடுத்த இருபதாவது நிமிஷம் சுண்டல். அதற்கு அடுத்தது பொரி கடலை. பிறகு அவல், வாழைப்பழம், மறுபடியும் டீ. இசக்கித்துரை வாழ்நாளில் இவ்வளவு கவனிப்பைக் கண்டதில்லை.

“என்னட்டி, இன்னைக்கு மாப்பிள்ள விருந்தா?” என்றார். மிஷினைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “லேசா சூடு இருக்கு. ஒரிஜினல்லா, உழைக்கிற உடம்பு, சூடு இருக்கத்தான் செய்யும்” என்று டாக்டரிடம் விளக்கமும் கொடுத்தார். டாக்டர் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள்.

மதியம் வண்டியை வெயிலில் நிறுத்தினார்கள். இசக்கித்துரை நாலு பக்கமும் சுற்றி வந்தார். கண்ணாடி தோற்றது. டீக்கடையில் இருந்தவர்களெல்லாம் எழுந்து வந்து தலை சீவிக்கொண்டார்கள்.

“இப்பத் தெரியுதாட்டி? ஒரிஜினலுக்கும் டூப்ளிகேட்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இந்த வழுவழுப்பு உன் மிஷினுக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராது!”

சங்கரேஸ்வரி உள்ளே போய், வாக்குவம் கிளீனருக்குப் பக்கத்தில் இருந்ததை இரண்டு கையாலும் எடுத்து வந்து அவர் முன்னால் நீட்டினாள்.

“அப்போ இது யாரு?”

இசக்கித்துரை அதைப் பார்த்தார். தன் கையில் இருந்த மிஷினைப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தால் அதன் சந்தனத்தைச் சுரண்டினார். நம்பிக்கை, சாங்கியம் எல்லாம் அந்த நேரத்தில் பறந்துபோயிற்று. டூப்ளிகேட் பெயர் வெளியே வந்தது. அவருடைய முகம் போன போக்கைப் பார்த்து, டீக்கடையில் இருந்து வந்தவர்கள் மெல்ல நகர்ந்தார்கள்.

“டாக்டரம்மா... உங்களுக்கு...”

“தெரியும் அண்ணாச்சி. அக்கா பானட்டு முடியும் முன்னயே சொல்லிட்டாங்க. நான்தான் முடிக்கச் சொன்னேன்.” டாக்டர் அதற்குமேல் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். “நான் கட்டுற பல்லு பூராம் டூப்ளிகேட்தானே அண்ணாச்சி. காலையில இருந்து சுண்டலக் கடிச்சீங்களே, ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுதா?”

இசக்கித்துரை சட்டென்று வாயைக் கையால் மூடிக்கொண்டார். மிஷினைத் தரையில் வைத்தார். எறியவில்லை, வைத்தார். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

டாக்டரும் வண்டியை எடுத்துக்கொண்டு கல்யாண வீட்டுக்குக் கிளம்பினாள். சங்கரேஸ்வரி தனியாக உட்கார்ந்திருந்தாள். ஜெயித்த சந்தோஷம் வரவில்லை. நாலு பேர் முன்னால் மனுஷனைத் தலைகுனிய வைத்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. வீட்டில் தனியாக வைத்துச் சொல்லியிருக்கலாம். பாவம், எவ்வளவு ஆசையாகப் பேசிக்கொண்டிருந்தார்.

முக்கால் மணி நேரம் கழித்து பைக் சத்தம் கேட்டது. இசக்கித்துரை இறங்கி வந்தார். கையில் ஒரு சுவிட்ச் பாக்ஸ், ஒரு சுருள் வயர்.

“மூலைக்கு வா” என்றார்.

வந்தாள்.

“கைய நீட்டு. உன் உசரத்துக்கு எங்கன வச்சா வாட்டமா இருக்கும்?”

அவள் நீட்டிய கைக்கு நேராகச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டார். அவள் முகத்தைப் பார்க்காமலே, “மிஷின் எப்படியும் இருக்கட்டும். பிளக் மட்டும் ஒரிஜினல். அதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்” என்றார். சங்கரேஸ்வரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் அடக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் டாக்டரின் கிளினிக்கில் இருந்து நர்ஸ் வள்ளித்தாயின் நீல ஸ்கூட்டர் வந்தது. கல்யாணத்தில் காரைப் பார்த்தவர்கள் அனுப்பிய வண்டிகள் இன்னும் இரண்டு ரோட்டில் நின்றன. சங்கரேஸ்வரி தன் மூலையில், தன் பிளக்கில் மிஷினை மாட்டி, ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் வைத்துச் சுற்ற ஆரம்பித்தாள். உலகம் மறந்துபோயிற்று. யாரோ தோளைத் தொட்டதும்தான் நிமிர்ந்தாள். இசக்கித்துரை கையில் டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்தார்.

“இருவது நிமிஷம் ஆச்சு ஈஸ்வரி. மிஷின் ஆறட்டும். நீ இதைக் குடி.”