நாற்காலி பிடித்த மாண்டலின்

அப்பா அனியெல்லோ செத்ததும் அவருடைய பழைய மாண்டலின் மகள் நுன்ஸியாவின் வீட்டுக்கு வந்தது. பானை போல உருண்ட முதுகு. மேசையில் வைத்தால் ஒரு பக்கமாகச் சாயும். அதற்கென்றே அப்பா ஒரு நாற்காலியை ஒதுக்கியிருந்தார். நுன்ஸியாவும் ஒதுக்கினாள்.

"வீட்ல இருக்கிறதே மூணு நாற்காலி. அதுல ஒண்ணு மாமனாருக்கா?" என்றான் கணவன் பாஸ்குவாலே. "வாசிக்கவும் தெரியாது, ஆணியில மாட்டவும் விடமாட்டேங்கிற."

அவள் ஏங்கியது வாசிப்புக்கு அல்ல. அப்பா வாசித்ததைவிடக் கத்தியதுதான் அதிகம். அவர் கத்தி ஓய்ந்ததும், யாரும் தொடாமலே அதன் தந்திகள் மெல்ல ரீங்கரித்து அடங்கும். "பாருங்க, அதுகூட நடுங்குது" என்று அம்மா சிரிப்பாள். அந்த ரீங்காரத்தை இன்னொரு முறை கேட்கத்தான் நுன்ஸியா காத்துக் கிடந்தாள். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரச் சந்துகளில் சத்தத்துக்கா பஞ்சம்? ஸ்கூட்டர் அலறியது, மாதாகோயில் மணி அடித்தது, பாஸ்குவாலேகூட அடித்தொண்டையில் பாடிப் பார்த்தான். மாண்டலின் வாயே திறக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்குவாலே, கொதிக்கும் காபிக் கெண்டியைக் கொண்டுவந்து அந்த நாற்காலியின் ஓரத்தில் வைத்தான்.

"யோவ், கண்ணு அவிஞ்சா போச்சு? எடுய்யா அத!" என்று தெருக்கோடி வரைக்கும் கேட்கக் கத்தினாள் நுன்ஸியா.

அவள் நிறுத்தியதும் தந்திகள் ரீங்கரித்தன.

கெண்டியைத் தூக்கிய பாஸ்குவாலே அப்படியே நின்றுவிட்டான். "அச்சு அசல் உங்கப்பன் குரல்டி," என்றான் மெதுவாக. "இன்னொரு தடவ திட்டு."

நுன்ஸியா வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது.