உஹிஉஹிக்குப் போட்ட வேலி

எங்கள் தீவின் ஹுவாலாலை எரிமலையின் வறண்ட சரிவில், எங்கள் நிலத்தில் மிஞ்சியது ஒரே ஒரு உஹிஉஹி மரம்தான். இரும்புக்குச் சமமான மரம். ஒரு துண்டைக் கடலில் போட்டால் மூழ்கிவிடும். என் அண்ணன் டுவேனின் மாடுகள் அதன் பட்டையைக் கடித்துத் தின்றதால், அவனோடு மல்லுக்கட்டி நான்தான் வேலி போட்டேன். மாடு நுழையாத இடத்தில் புல் இடுப்பளவு வளர்ந்தது. எங்கிருந்தோ வந்த பீடைப் புல் அது. வெட்ட வெட்ட வளர்ந்தது. ஒருத்தி எவ்வளவுதான் வெட்டுவாள்? வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

அன்று மதியம் சாலையோரம் பிடித்த தீ, கடல்காற்றில் மேலே ஏறி வந்தது. தீயணைப்பு ஹெலிகாப்டர் வீடுகளைக் காக்கப் போய்விட்டது. நியாயம்தான். ஆனாலும் எனக்கு வயிறு எரிந்தது.

கூப்பிடாமலே டுவேன் புல்டோசரோடு வந்தான்.

“என்னடி நொஹெயா, மாட்டுக்கு வேலி போட்டியா, தீக்கு விருந்து வச்சியா?”

“இப்பவா குத்திக்காட்டுவே? புல்லைச் சுரண்டி மண்ணைக் காட்டுண்ணே. தீ தாண்டக் கூடாது.”

“எங்க சுரண்ட? சுத்தி எரிமலைப் பாறை, பிளேடு இறங்காது. மரத்துக்குக் கீழ்ச்சரிவுல அந்த ஒரு துண்டுதான் மண்ணு.”

அந்தத் துண்டு மண்ணில்தான் உஹிஉஹி மரக்கன்றுகள் நின்றன. மரம் பூத்துக் காய்ப்பதை நிறுத்திப் பல வருஷமாயிற்று. எப்போதோ விழுந்து கிடந்த கடைசி விதைகள் அந்த வருஷக் குளிர்கால மழைக்கு முளைத்திருந்தன. கண் பட்டுவிடும் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. ஓடிப்போய் ஒன்றைத் தோண்டினேன். வேர் பாறையிடுக்கில் இறங்கியிருந்தது. தண்டு மட்டும் அறுந்து கையோடு வந்தது.

“அடிப்பாவி, கன்னா? ஒரு வார்த்தை சொன்னியா?” என்றான் டுவேன். “இதுக மேல என்னால புல்டோசரை ஏத்த முடியாது. காலம் பூரா என்னைத் திட்டுவே.”

“ஏத்தலேன்னா மரமும் போகும், கன்னும் போகும்.”

“யோசிச்சுச் சொல்லு.”

“ஏத்துடா!”

அதுவரை அண்ணனை நான் ‘டா’ போட்டதில்லை. ஏற்றினான். அந்த இரைச்சலில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

தீ அந்த வெறும் மண்வரை வந்து, தின்ன ஒன்றுமில்லாமல் தணிந்தது. பறந்து வந்த பொறிகளை ஈரச்சாக்கால் அடித்து அணைத்தேன். ஒரு பக்கத்து இலைகள் கருகினாலும் மரம் நின்றது. எனக்குச் சந்தோஷமே வரவில்லை.

டுவேன் இறங்கி, புரண்டு கிடந்த மண்ணை இரண்டு கைகளாலும் கிளறினான். எதற்கும் உதவாத மரம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் அவன். கிடைத்ததெல்லாம் நசுங்கிய தண்டுகள். அவற்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். கண்ணெல்லாம் நீர்.

“அடுத்த வருஷம் காய்க்கும்ல? மறுபடி முளைக்கும்ல?”

“காய்க்கும்ணே,” என்றேன்.