ஆர்கிரிஸின் வலது பை

ஆர்கிரிஸ் சிகரெட்டை விட்டது தன் நுரையீரலுக்காக இல்லை. வைத்தியர்கள் வருடக்கணக்கில் கரடியாய்க் கத்தியும் கேட்காதவன், லெமோனியா ஒரே ஒரு முறை சொன்னதும் கேட்டான். என் சலூனில் வைத்துத்தான் சொன்னாள். முகமெல்லாம் சோப்பு நுரையோடு அவன் நாற்காலியில் சாய்ந்து கிடந்தான்.

"சிகரெட் நாத்தத்தோட யாரும் என் பிள்ளையைத் தூக்கக் கூடாது சித்தப்பா. ஞானத்தகப்பனா இருந்தாலும் சரி."

அவளுடைய பிள்ளைக்குத் தான்தான் ஞானத்தகப்பன் என்று அவனுக்குத் தெரிந்தது அப்போதுதான். நான் கத்தியை அவன் கழுத்திலிருந்து எடுத்துவிட்டேன். அழுகிறவனுக்குச் சவரம் செய்ய முடியாது.

லெமோனியாவின் அப்பா ஸ்டெர்கியோஸும் இவனும் வோலோஸ் துறைமுகத்திலிருந்து தீவுகளுக்குப் போகும் கப்பலில், ஒரே இயந்திர அறையில் வெந்தவர்கள். ஸ்டெர்கியோஸ் போய்ச் சேர்ந்துவிட்டான். ஆர்கிரிஸுக்குப் பெண்டாட்டியும் இல்லை, பிள்ளையும் இல்லை. எங்களிடம் ஞானத்தகப்பன் என்பது பேருக்கு நிற்கிற ஆள் கிடையாது. ஞானஸ்நானத் தொட்டித் தண்ணீரிலிருந்து குழந்தையை எந்தக் கை வாங்குகிறதோ, அந்தக் கைக்குத்தான் கடைசிவரை அந்த உறவு. அப்புறம் மாற்றி எழுத வழியே இல்லை.

என் கடைக்கு இரண்டு கடை தள்ளி வேப் என்கிற மின்சிகரெட் விற்கிறாள் ஃபானி. வாய்க்காரி. அவளிடம் ஒரு வேப் வாங்கினான். அதை விற்பதற்கு முன் அவள் ஒரு பிரசங்கமே வைத்தாள். படுக்கையிலும் சோபாவிலும் போட்டு சார்ஜ் ஏற்றாதே, தூங்கும்போது ஏற்றாதே, கண்ட சார்ஜரையும் மாட்டாதே, பேட்டரியின் மேல்தோல் கிழிந்தால் அதோடு தூக்கிப் போட்டுவிடு. உபரிப் பேட்டரியை அதன் பிளாஸ்டிக் டப்பியில்தான் வைக்க வேண்டும், சாவியும் சில்லறையும் கிடக்கிற பையில் போடவே கூடாது. மற்றவர்கள் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டுப் போவார்கள். இவன் இயந்திரக்காரன், ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டினான். வீட்டில் சமையல் மேடையின் பளிங்குக்கல்மேல் சார்ஜரை வைத்து, பச்சை விளக்கு எரியும்வரை எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். அடைகாக்கிறாயா, எப்போது குஞ்சு பொரிக்கும் என்று கேட்டேன். நீ சிகரெட் குடித்துச் செத்த பிறகு என்றான்.

புகையை விட்டவனுக்குக் கைதான் பெரிய தொல்லை. அவன் விரல்கள் என் கடைச் சீப்புகளை ஒவ்வொன்றாக ஒடித்தன. லெமோனியா அதைப் பார்த்துவிட்டு, தன் அப்பாவின் கொம்போலோயைக் கொண்டுவந்து கொடுத்தாள். வெள்ளிச் சங்கிலியில் கோத்த வெள்ளி மணிகள். பார்க்க ஜெபமாலை மாதிரி இருக்கும், அதில் ஜெபம் மட்டும் இருக்காது. எங்கள் ஆண்கள் அதைச் சுழற்றியும் தட்டியும் பொழுதைத் தள்ளுவார்கள். அன்றிலிருந்து அது ஒன்று அவன் கையில் இருக்கும், அல்லது வலது பையில் இருக்கும். அது இல்லாமல் தெருவில் இறங்குவது அவனுக்குச் செருப்பில்லாமல் நடக்கிற மாதிரி.

ஞானஸ்நானத்தன்று புதுக் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு கோயில் முற்றத்துக்கு வந்தான். நான் வாசலோரம் நின்று சிகரெட் குடித்துக்கொண்டிருந்தேன். பூசையும் விருந்தும் முடிய வெகுநேரம் ஆகுமே, வேப் நடுவில் நின்றுவிட்டால் உன் சிகரெட்டைப் பிடுங்கிவிடுவேன் என்று பயந்து உபரிப் பேட்டரியையும் எடுத்து வந்திருப்பதாகச் சொன்னான். இறுக்கமான கால்சட்டையில் டப்பி புடைத்துக்கொண்டு நின்றதாம், மாப்பிள்ளை வேடத்துக்கு அது அசிங்கமாம், அதனால் டப்பியை வீட்டிலேயே வைத்துவிட்டானாம். ஆனால் ஃபானியின் பாடம் மறக்கவில்லை. சாவிக்கொத்தை எடுத்து என்னிடம் கொடுத்தான். சில்லறையை ஒன்று விடாமல் துழாவி எடுத்துக் கொடுத்தான். பிறகு பேட்டரியை வலது பையில் போட்டான். இரண்டு கையாலும் பிள்ளையை வாங்க வேண்டுமே என்று, கொம்போலோயையும் அதே பையில் போட்டான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவனுக்கும் எதுவும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

லெமோனியா பிள்ளையோடு படியேறி வந்தாள். பாதிரியார் வாசலில் காத்திருந்தார். ஆர்கிரிஸ் கையை நீட்டினான். குழந்தையின் வெள்ளைத் துணி அவன் விரலில் பட்டிருக்கும், அவ்வளவு கிட்டத்தில் வந்துவிட்டது. அப்போது அவன் முகம் மாறியது. தொடையைத் தொட்டுப் பார்த்தான். பையிலிருந்து சீறுகிற சத்தம் வந்தது. அவன் சட்டென்று திரும்பி, குழந்தையிடமிருந்து விலகி, படியில் விழுந்தடித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினான். நெருப்பு பிறகுதான் வெளியே வந்தது. யாரோ குழாயடி வாளியைக் கொண்டுவந்து கொட்டினார்கள். நானும் இன்னொருவரும் அந்தப் புதுக் கால்சட்டையைக் கிழித்து எறிந்தோம். பேட்டரியின் இரண்டு முனையையும் சேர்த்து அந்த வெள்ளிச் சங்கிலி சுற்றி, மின்சாரத்தை நேரே பாய்ச்சிவிட்டிருந்தது. மணிகள் கறுத்துப்போயிருந்தன.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது என் சட்டையைப் பிடித்தான்.

"பாந்தெலிஸ், நீ போய்த் தூக்கு."

இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

"பிள்ளையோட அப்பன் விடிஞ்சா கப்பல் ஏறுறான்டா. திரும்பி வர்றதுக்குள்ள பிள்ளை நடந்துரும். எனக்காக எதையும் நிறுத்தாதீங்க. போ."

போனேன். சிகரெட் நாற்றத்தோடு, சட்டைப் பையில் சிகரெட் பெட்டியோடு போனேன். லெமோனியா கண்ணைத் துடைத்துக்கொண்டு பிள்ளையை என்னிடம் கொடுத்தாள். ஸ்டெர்கியோஸ் என்ற தாத்தா பெயரைப் பிள்ளைக்கு நான்தான் சொன்னேன். எண்ணெய் பூசிய அந்தச் சின்ன உடம்பை நான்தான் தண்ணீரிலிருந்து வாங்கினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல காரியம் செய்ததில்லை, செய்யும்போது அவ்வளவு கூசியதும் இல்லை.

ஆஸ்பத்திரியில் அவன் தொடைக்குக் கட்டுப் போட்டுக் கிடந்தான். கை இரண்டும் நல்ல கை, ஒரு கொப்புளம்கூட இல்லை. ஃபானி முன்னாலேயே வந்து நின்று அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள், திட்டுக்கு நடுவில் அழுதாள். சாவி சொன்னேன், சில்லறை சொன்னேன், இனி வருகிற ஒவ்வொருத்தனிடமும் கொம்போலோயையும் சொல்வேன் என்றாள். நான்தானே அதைக் கொடுத்தேன் என்று லெமோனியா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பிள்ளையைக் கட்டிக்கொண்டு சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நீ குடுத்தது தப்பில்லம்மா. ஃபானி சொல்லியிருந்தாலும் நான் சிரிச்சிருப்பேன். அது உலோகம்னு எனக்குத் தோணவே இல்லை. அது ஸ்டெர்கியோஸோடது, அவ்வளவுதான் தெரியும்."

பிறகு லெமோனியா எழுந்து, பிள்ளையை அவனிடம் நீட்டினாள்.

"பிடிங்க சித்தப்பா. பூசையில யாரு தூக்கினா என்ன?"

அவனுக்கு ஆசை இல்லாமல் இல்லை, கண் பிள்ளையைவிட்டு நகரவில்லை. ஆனால் இரண்டு கையையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான்.

"இன்னும் ஒரு நிமிஷம் கழிச்சு வெடிச்சிருந்தா இவன் என் கையில இருந்திருப்பான். வேண்டாம்மா. அவன் ஞானத்தகப்பன்கிட்ட குடு."

லெமோனியா நின்று பார்த்தாள். அவன் கை வெளியே வரவில்லை. அப்புறம் அவள் என் பக்கம் திரும்பினாள், நான் வாங்கிக்கொண்டேன்.