கூலிங் கிளாஸ் போட்ட கண்ணாயிரம்

கண்ணாயிரத்தின் கருமாதிக்குத் தெருமுனையில் பேனர் கட்டியிருந்தார்கள். பேனரா அது! அம்மாடியோவ், மாடி வீட்டு உயரம். ஆயுசு முழுக்க மரக்காணம் உப்பளத்தில் கோவணத்தோடு உப்பு வாரிய மனுஷன், நீலக் கோட்டும் சிவப்பு டையும் கறுப்புக் கூலிங் கிளாஸுமாக, விமானம் ஏறப் போகிறவரைப் போலச் சிரித்துக்கொண்டிருந்தார். கழுத்துக்கு மேலேதான் அவர், கீழே யாரோ. 'உழைப்பின் இமயமே, பாசத்தின் பசிபிக் கடலே' என்று எழுதியிருந்தது. அதன் அடியில் மகன் மணிகண்டனின் படம், போனைக் காதில் வைத்தபடி. அப்பனைவிட அவன் முகம் ஒரு சுற்றுப் பெரிது.

"கண்ணாடி எப்படிம்மா? நான்தான் போடச் சொன்னேன்" என்றான் பக்கத்தில் நின்ற நிஜ மணிகண்டன்.

சாமுண்டீஸ்வரி புருஷனை அண்ணாந்து பார்த்தாள். வெயிலில் உப்பு வாருகிறவனுக்குக் கண் என்ன பாடுபடும் என்று அவளைக் கேட்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அவர் கண் கோவைப்பழமாகச் சிவந்திருக்கும். "டேய், ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கியாடா" என்று மகனைக் கேட்டார், கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். "அடுத்த மாசம்ப்பா" என்பான் அவன். அந்த அடுத்த மாசம் இப்போதுதான் வந்திருக்கிறது.

"நல்லாருக்குதுடா. கொஞ்சம் லேட்டு" என்றாள்.

அவள் மனசு பேனரில் இல்லை. தெருவுக்குப் பின்னால், வரப்பு மேட்டில் கிடந்த உப்புக் குவியலில் இருந்தது. அன்றைக்கு அதை வாரிக் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடி, ஓரத்துக்கு மண்கட்டி வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்தவர்தான் கண்ணாயிரம். எழுந்திருக்கவில்லை. அவர் கை பட்ட கடைசி உப்பு அது. வியாபாரி வந்து லாரியில் ஏற்றுகிறவரைக்கும் அது கரையாமல் இருக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

மகனோ காலையிலேயே அந்தத் தார்ப்பாயை உருவிக்கொண்டு வந்து பந்தலுக்கு மேலே கட்டிவிட்டான். படம் திறக்க வருகிற கட்சித் தலைவர் தலையில் வெயில் படக்கூடாதாம்.

"உப்பு தொறந்து கிடக்குதுடா. மழை வந்தா என்னாவுறது?"

"சித்திரையில ஏதும்மா மழை? மானத்த பாரு, பளபளன்னு இருக்குது. சும்மா நொய்நொய்னு பேசாத!"

தலைவர் வரத் தாமதமாகவே மணிகண்டன் மைக்கைப் பிடித்தான்.

"ஒரு துளி மழை விழுந்தா போதும், எங்கப்பா சோத்துத் தட்ட தள்ளிட்டு உப்ப மூட ஓடுவாரு! அப்படி ஓடி ஓடித்தான் எங்கள ஆளாக்கினாரு!" கர்ச்சீப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டான். உப்பளத்தில் கால் வைத்தால் ஷூ கெட்டுவிடும் என்று வரப்போடு திரும்பிப் போகிற பிள்ளை!

ஆனால் சொன்னது நிஜம். கல்யாணத்தன்றைக்கே தூறல் விழுந்தது. தாலி கட்டிய கையோடு மாப்பிள்ளை மாலையைக் கழற்றி வைத்துவிட்டு ஓடினார். தொப்பலாக நனைந்து திரும்பி வந்து, பெண்டாட்டியிடம் பேசிய முதல் வார்த்தை, "தப்பிச்சிடுச்சு." பாவி மனுஷன், அதை நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அடுத்து முன்னாள் வார்டு மெம்பர் கலியபெருமாள் எழுந்தார். பேசப் பேச வானம் கறுத்தது. அவர் கவனிக்கவில்லை.

"கண்ணாயிரம் ஒருத்தருக்காக இந்த ஊரே வேலையப் போட்டுட்டு இங்க உக்காந்திருக்குது! இடியே விழுந்தாலும் ஒருத்தரும் எழுந்திரிக்க மாட்டாங்க!"

விழுந்தது. கூடவே பொட்டென்று முதல் துளியும்.

ஊரே எழுந்தது. அத்தனை பேரும் உப்பளத்துக்காரர்கள். ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரவர் உப்பை மூட ஓட, பெண்கள் முந்தானையைச் செருகிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்கள். கலியபெருமாள் காலி நாற்காலிகளைப் பார்த்து, "குடும்பத்துக்காகவே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். சாமுண்டீஸ்வரிக்கு ஒருத்தர்மேலும் கோபமில்லை. கண்ணாயிரம் இருந்திருந்தால் முதல் ஆளாக ஓடியிருப்பார்.

அவளும் எழுந்தாள். தார்ப்பாயோ பந்தல் உச்சியில் இறுகக் கட்டிக் கிடந்தது. அதை அவிழ்ப்பதற்குள் உப்பு தண்ணீராகிவிடும். சுற்றுமுற்றும் பார்த்தாள். சமையல்காரன் வைத்திருந்த அரிவாளை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடி, பேனர் கட்டிய கயிற்றை அறுத்தாள்.

"யம்மா! யம்மா! தலைவர் இன்னும் பாக்கலம்மா!"

"அவுரு வந்தா உப்பளத்துக்கு வந்து பாக்கச் சொல்லு!"

அவள் பேனரை இழுத்துக்கொண்டு ஓட, மணிகண்டன் பின்னாலேயே ஓடி வந்து வரப்பில் நின்றான்.

"ஓரத்தப் புடிடா!"

அம்மாவின் குரலைக் கேட்டு ஷூவைக் கழற்றிவிட்டு இறங்கினான். புது ஷூ கடித்த புண்ணில் உப்புத்தண்ணீர் பட்டது. "ஐயோ, எரியுதும்மா!" என்று குதித்தான்.

"எரியும். உங்கப்பனுக்கும் எரிஞ்சுதான் இருக்கும். சொன்னதில்ல."

அவன் குனிந்து ஓரத்தைப் பிடித்தான். இருவரும் பேனரைக் குவியல்மேல் விரித்தார்கள். மழை கொட்டியது. கோட்டும் டையும் இமயமும் பசிபிக் கடலும் உப்பின்மேல் படிந்தன. மணிகண்டன் மண்கட்டி பொறுக்கி ஓரங்களில் வைத்தான், அப்பன் வைத்த மாதிரியே நெருக்கமாக.

கண்ணாயிரத்தின் முகம் உப்பைப் பார்த்துக் கவிழ்ந்திருந்தது. சாமுண்டீஸ்வரி அந்த இடத்தை உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திவிட்டாள்.

"தப்பிச்சிடுச்சுய்யா" என்றாள். "இப்ப நல்லா பாரு. கண்ணு கூசாது."